'மூத்திரம் பார்க்கிற படிப்பு' என்று முகம் சுளிப்பவர்களுக்கு

எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாளிலிருந்து நம் வீடுகளில் நடக்கிற பேச்சு எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை நன்றாக எடுத்திருந்தால் டாக்டர். கொஞ்சம் குறைந்திருந்தால் நர்ஸ். அதுவும் இல்லையென்றால், "சிங்கப்பூருக்கு மோட்டார்லே போய்ட்டு வரட்டும்", "பேக்டரியிலே சேரட்டும்", "செக்குரிட்டி வேலை இருக்கவே இருக்கு." டாக்டருக்கும் செக்குரிட்டிக்கும் நடுவில் இந்த நாட்டில் வேறு உத்தியோகமே கிடையாது என்பது போலப் பேசிக் கொண்டிருக்கிறோம்.

நடுவில் எத்தனையோ இருக்கின்றன, அன்பர்களே. அதில் ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறேன். மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர். ஆஸ்பத்திரிப் பலகையில் மலாய் மொழியில் 'ஜுருதெக்னோலொகி மக்மால் பெருபாத்தான்' என்று எழுதியிருக்கும். நம் வாயில் அது 'லேப்காரர்'. ரத்தம், சிறுநீர், மலம், சளி, அறுத்தெடுத்த சதை இவற்றையெல்லாம் சோதித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டருக்கு எழுதிக் கொடுக்கிறவர். அந்தத் தாள் கைக்கு வருகிறவரை எவ்வளவு பெரிய டாக்டரானாலும் பாதி ஊகத்தில்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். இதற்கு மூன்று ஆண்டு டிப்ளோமா படிப்பு இருக்கிறது.

இந்தப் படிப்பைப் பற்றித் தோட்டத்துத் தாய்மார்களிடம் எடுத்துச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி சம்பளத்தைப் பற்றியதல்ல. "ஏன்யா, பீ மூத்திரம் பாக்கிற வேலைக்கா எம் பொண்ண படிக்க வைக்கச் சொல்றீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். கோபித்துக் கொள்ள முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக மற்றவர் அழுக்கை நம் தலையில் ஏற்றி வைத்திருந்த சமுதாயத்தில், வாளி தூக்கியவர்களைத் தனி லயத்தில் ஒதுக்கி வைத்த நினைவு உள்ள இடத்தில், பிள்ளையின் கையில் அந்தக் குப்பி போக வேண்டாம் என்று தாய் நினைப்பது புரிகிறது. ஆனால் அந்த நினைப்பினால் நட்டம் யாருக்கு? அதே குப்பியை அடுத்த கம்பத்துப் பிள்ளை வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கொண்டு வாங்கிப் பார்க்கிறது. மாதச் சம்பளமும் வாங்குகிறது. நாம்தான் மூக்கைப் பிடித்துக் கொண்டு வெளியே நிற்கிறோம். டாக்டரும் அதே சிறுநீரைப் பற்றித்தானே கேட்கிறார்? அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோமே!

தோட்ட மக்களுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1901இல், கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்தை வடியவைத்து மலேரியாவை அடக்கியது பெரிய கதை. பிறகு அந்த வேலை தோட்டங்களுக்கும் வந்தது. அந்தக் காலத்தில் பால்மரக் காட்டை அழித்து நட்ட நம் பாட்டன்மார் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். காய்ச்சல் கொசுவால் வருகிறதா, எந்தக் கொசுவால், எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் ரத்தத்தில் கிருமி என்பதையெல்லாம் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத்தான் கண்டார்கள்.

1920களில் இன்னொன்று. செம்பனைத் தோட்டங்களில் லாலான் புல் வெட்டுகிறவர்களுக்கு ஒரு கடுங்காய்ச்சல். பட்டணத்துக் கடைகளில் இருப்பவர்களுக்கும் அதே மாதிரி ஒரு காய்ச்சல். இரண்டுக்கும் டைபஸ் என்றுதான் பேர். ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த பிளெட்சர், லெஸ்லர் என்ற இருவர், நோயாளிகளின் ரத்த நீரை இரண்டு வகை பாக்டீரியாவோடு கலந்து பார்த்து, எதனோடு சேர்ந்து திரிகிறது என்று கவனித்தார்கள். பட்டணத்துக் காய்ச்சல் ஒன்றோடு திரிந்தது, தோட்டத்துக் காய்ச்சல் மற்றதோடு திரிந்தது. ஆக இரண்டும் வேறு வேறு நோய்! ஒன்று எலியின் தெள்ளுப்பூச்சியால் வருவது, மற்றது புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியால் வருவது. சோதனைக் குழாயில் கண்ட வித்தியாசம் அது. புல் வெட்டியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, இந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

முதலில் உடற்கூறு, உடலியல், வேதியியல், ஆய்வுக்கூடப் பாதுகாப்பு, கூடவே கணக்கு. கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு பங்கு ரத்த நீரோடு ஒன்பது பங்கு உப்பு நீர் சேர்த்தால் பத்தில் ஒன்றாக நீர்க்கும், அதை மறுபடி அப்படியே செய்தால் நூறில் ஒன்று என்கிற மாதிரிக் கணக்கு. ஒரு டின் தண்ணிக்கு எத்தனை மூடி மருந்து என்று தினம் கலக்குகிற அம்மாவுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். பிள்ளைக்குத்தான் அது கணக்கு என்று தெரியாது.

பிறகு ரத்தவியல். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் உறையாமல் இருக்கும். அதில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எண்ணுவார்கள். இன்று எந்திரம் எண்ணி விடுகிறது என்றாலும், எந்திரம் சந்தேகப்படுகிற ரத்தத்தை மனிதக் கண்தான் பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து, இன்னொரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அழுத்தினால் கோடு விழும். தயங்கினால் தடிக்கும். நுனியில் இறகு மாதிரி மெலிந்து வரவேண்டும். புதுசாக வருகிற பிள்ளைகள் டஜன் கணக்கில் கண்ணாடியைக் கெடுத்த பிறகுதான் கை படியும். பால்வெட்டுக்காரருக்கு இது சொல்லாமலே விளங்கும். பட்டை போக வேண்டும், மரத்தில் காயம் படக்கூடாது. உளியை எவ்வளவு ஆழம் விடுவது என்று புத்தகத்தில் படித்தா கற்றுக் கொண்டோம்? அந்தக் கைப் பக்குவம் நம் பிள்ளைகளுக்கு வராது என்று யார் சொன்னது?

நுண்ணுயிரியலில் சாயம் ஏற்றுகிற வேலை. ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், பிறகு சிவப்புச் சாயம். ஊதாவாகவே நிற்கிற கிருமி ஒரு வகை, சிவப்பாக மாறுகிறது இன்னொரு வகை. எந்த மருந்து கொடுப்பது என்கிற முதல் துப்பு அங்கேதான் கிடைக்கிறது. காசநோய்க் கிருமிக்கு வேறு சாயம். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி மாதிரித் தெரியும். இந்த வேலைக்கு நிறம் பிரித்துப் பார்க்கிற கண் வேண்டும் என்பதால் நிறக்குருடு உள்ளவர்களுக்கு இந்தப் படிப்பு ஒத்து வராது. விண்ணப்பம் போடுகிறதற்கு முன்பே கிளினிக்கில் கண்ணைச் சோதித்துக் கொள்வது நல்லது. (இடையில் ஒரு வார்த்தை. சளிப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் டப்பாவில் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து விடுகிறார்கள். நெஞ்சிலிருந்து இருமி வருகிற சளி வேண்டும். எச்சிலைப் பார்த்து 'கிருமி இல்லை' என்று எழுதினால் அது லேப்காரர் குற்றமில்லை.)

வேதியியல் பிரிவில் இனிப்பு நீர், சிறுநீரகம், கொழுப்பு எல்லாம் வருகிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று கண்டார்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். இந்த ஒன்றில் மட்டும் நாம் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை! சர்க்கரைக்கு எடுக்கிற ரத்தத்தை ஏன் சாம்பல் நிற மூடிக் குழாயில் விடுகிறார்கள் தெரியுமா? குழாய்க்குள்ளும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சர்க்கரையைத் தின்று கொண்டே இருக்கும். தோட்டத்துக் கிளினிக்கில் காலையில் எடுத்து, பட்டணத்து லேப்புக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தால், இருந்த சர்க்கரை குறைந்து காட்டும். அதைத் தடுக்கிற ரசாயனம் அந்தக் குழாயில் இருக்கிறது. தப்பான குழாயில் எடுத்தால், நோய் இருக்கிறவரைப் பார்த்து "ஒன்னுமில்லே, போங்க" என்று அனுப்பி விடுவார்கள். இதுபோன்ற சங்கதிகளைத்தான் மூன்று வருஷம் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

ரத்த வங்கி இந்தப் படிப்பில் எல்லாரும் பயப்படுகிற பாடம். பயப்படத்தான் வேண்டும். ஏ, பி, ஓ என்ற ரத்த வகைகளை வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901இல் எழுதி வெளியிட்டார். அதற்கு முன் ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவது சூதாட்டம். இன்றைக்கும் ஆளை மாற்றி ஏற்றினால் உயிர் போகும். அதனால்தான் கொடுக்கிறவர் ரத்தத்தையும் வாங்குகிறவர் ரத்தத்தையும் கலந்து பார்த்து, ஒத்துப் போகிறதா என்று சோதித்த பிறகே பையை வெளியே விடுகிறார்கள். பெயர் மட்டும் பார்த்தால் போதாது, அடையாளக் கார்டு எண்ணையும் பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம். ஒரு தோட்டத்தில் எத்தனை முனியாண்டி, எத்தனை மாரியாயி என்று நமக்குத் தெரியாதா? அந்தப் பன்னிரண்டு எண்ணைக் கேட்டால் "எத்தனை தடவைதான் கேப்பீங்க" என்று நாம் சள்ளென்று விழுகிறோம். கேட்கட்டும், பத்துத் தடவை கேட்கட்டும்.

திசுப் பிரிவில் அறுத்தெடுத்த சதையை மெழுகில் பொதித்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் வருகிற அளவில் நாலைந்து கூறு தடிப்புக்குச் சீவுவார்கள். புற்றுநோயா இல்லையா என்று சொல்கிற டாக்டர் பார்ப்பது அந்தச் சீவலைத்தான். இவை தவிர ஒட்டுண்ணியியல், எதிர்ப்புச் சக்தியைப் பற்றிய பாடம், தரக் கட்டுப்பாடு. தோட்டத்தில் காலையில் பெரட்டு எடுக்காமல் வேலை தொடங்குமா? அதுபோல விடை தெரிந்த ஒரு மாதிரியை முதலில் எந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, அது சரியாக வந்த பிறகுதான் நோயாளியின் ரத்தத்தைத் தொட வேண்டும். படிப்பின் கணிசமான பகுதி ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்திலேயே, மூத்தவர்கள் மேற்பார்வையில் கழிகிறது.

சோதனை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1998இல் பேராக்கில் தொடங்கி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய மூளைக் காய்ச்சலைக் கொசுவால் வருகிற ஜப்பானிய வகை என்று எண்ணிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆட்கள் செத்துக் கொண்டே இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அது இதுவரை யாரும் காணாத புதுக் கிருமி என்று பிரித்தெடுத்தார். பன்றியிலிருந்து வருவது என்று தெரிந்த பிறகுதான் அடக்க முடிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பேரே அந்தக் கிருமிக்குப் பேராயிற்று.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை மலேரியாவைப் பற்றியது. சரவாக்கில் காப்பிட் என்ற இடத்தில் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 'மலேரியே' என்ற சாதுவான வகை என்று பல காலம் எழுதிக் கொண்டிருந்தார்கள். ஆனால் சில நோயாளிகள் சாதுவாக இல்லை. சரவாக் மலேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனை செய்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது குரங்கு மலேரியா! 'நொலேசி' என்று பெயர். 1965இல் பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்க நில அளவையாளரிடம் முதன்முதலாகக் கண்ட அதே கிருமிதான். பார்வைக்கு இரண்டும் ஒன்று போல இருக்கும். ஆனால் சாதுவான வகை பெருகுவதற்கு 72 மணி நேரம் எடுத்துக் கொள்ள, குரங்கு வகை 24 மணிக்கு ஒரு முறை பெருகி விடும். ஒரு நாள் தாமதித்தால் ஆளைக் கொன்று விடலாம். மனித மலேரியா உள்நாட்டில் 2018 முதல் இல்லை என்ற நிலை வந்த பிறகும், இந்த நாட்டில் எஞ்சி நிற்பது இந்தக் குரங்கு மலேரியாதான். காட்டோரச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் யார், அங்கே குரங்கு எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை அந்தக் கண்ணாடியைப் பார்க்க உட்கார்ந்தால், "இவர் எங்கே வேலை செய்கிறார்?" என்று ஒரு கேள்வி கூடக் கேட்கும். அந்தக் கேள்வி எந்திரத்துக்கு வராது.

மருந்தடிக்கிற பெண்கள் விஷயமும் அப்படியே. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. அதற்கு முன் எத்தனை வருஷம் நம் பெண்கள் அதை முதுகில் சுமந்தார்கள்! ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ரத்தத்தில் கோலினெஸ்ட்ரேஸ் என்ற பொருள் குறைந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். பாராகுவாட்டுக்கு அந்தச் சோதனை ஒன்றும் காட்டாது. அதற்குச் சிறுநீரில் ரசாயனம் சேர்த்து நீல நிறம் வருகிறதா என்று பார்க்கிற சோதனை. மருந்து எது என்று தெரியாமல் சோதித்தால் "எல்லாம் நார்மல்" என்று தாள் வரும். ஆகையால் யாருக்காவது மயக்கம், வாந்தி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடும்போது, டின்னில் ஒட்டியிருக்கிற லேபிளையும் கிழித்துக் கையோடு கொண்டு போங்கள். போனில் படம் பிடித்தாலும் போதும்.

இனி, சேர்க்கிற விஷயம். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. தனியார் கல்லூரிகளிலும் இருக்கிறது. எங்கே போனாலும் எஸ்.பி.எம்.இல் கணிதத்திலும் ஓர் அறிவியல் பாடத்திலும் கிரெடிட் கேட்பார்கள். அரசாங்கக் கழகத்துக்கு மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும். அரசாங்க இடத்துக்கு முதலில் விண்ணப்பம் போடாமலே, வீட்டுக்கு வந்து இனிக்க இனிக்கப் பேசுகிற ஆளை நம்பித் தனியார் கல்லூரியில் பெயர் கொடுத்து விடுகிறார்கள். நகையை அடகு வைக்கிறார்கள், பி.டி.பி.டி.என். கடன் எடுக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்துத்தான் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை என்று தெரிகிறது.

2016ஆம் ஆண்டின் சார்பு சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது 774ஆம் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. ஆய்வுக்கூடத் தொழில்நுட்பரும் அதில் அடக்கம். கவுன்சிலில் பதிவு செய்யாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தால் பதிவு கிடைக்காது. ஆகவே பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி. மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இந்தப் படிப்பு இருக்கிறதா? கவுன்சில் இதை ஏற்கிறதா? கல்லூரிக்காரர் வாயால் சொன்னால் போதாது. முகமையின் பதிவேட்டைப் போனிலேயே பார்க்கலாம். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் காட்டுங்கள். "நாளைக்கே இடம் போய்டும், இன்னிக்கே கட்டுங்க" என்று அவசரப்படுத்துகிறவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

இந்த வேலை பூ மெத்தை என்று நான் சொல்லவில்லை. இரவு வேலை உண்டு. தீபாவளி அன்றும் ரத்த வங்கி திறந்துதான் இருக்கும். தனியார் ஆய்வுக்கூடங்களில் தொடக்கச் சம்பளம் ஒன்றும் பெரிதல்ல. ஊசி குத்திக் கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அதற்காகத்தான் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டு, கையுறை மாட்டி, பாதுகாப்பை முதல் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் கூரையின் கீழ் வேலை. கையில் ஒரு தொழில். வேலை பார்த்துக் கொண்டே பட்டப் படிப்புக்கும் போகலாம். பெண்பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

"தமிழ்ப்பள்ளியிலே படிச்ச புள்ள, இங்கிலீஷ் புத்தகம் எப்படிப் படிக்கும்?" என்று சிலர் கேட்கிறார்கள். எரித்ரோசைட், ஸ்டெபைலோகாக்கஸ் என்பதெல்லாம் மலாய்ப் பிள்ளைக்கும் சீனப் பிள்ளைக்கும் மட்டும் தாய்மொழியா என்ன? எல்லாருக்கும் அது கிரேக்கமும் லத்தீனும்தான். முதல் ஆறு மாதம் எல்லாருமே தடுமாறுவார்கள். அந்த ஆறு மாதத்தில் நம் பிள்ளைதான் முதலில் பெட்டியைக் கட்டிக் கொண்டு வீட்டுக்கு வருகிறது. விடுதியில் தனியாக இருக்கிறது, பேச ஆளில்லை, வீட்டிலிருந்தும் "முடியலேன்னா வந்துடும்மா" என்று போன் போகிறது. தயவு செய்து அந்தப் போனைப் போடாதீர்கள்.

படிவம் 3இல் பிள்ளை வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். படிவம் 4க்கு எந்தப் பாடத்தொகுப்பு என்று கேட்டுப் பள்ளியிலிருந்து தாள் வரும். பஸ் வசதி இல்லை, கூட்டாளி எல்லாம் அங்கே போகிறார்கள் என்று எதையாவது சொல்லி அறிவியலை விட்டுவிட்டால், எஸ்.பி.எம்.க்குப் பிறகு இந்தக் கதவும் இதைப் போன்ற இன்னும் பத்துக் கதவும் மூடிக் கிடக்கும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது நீங்கள். பிள்ளை நீட்டியவுடன் போட்டு விடாமல், ஒருநாள் வேலையை விட்டாலும் பரவாயில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அப்படியே பள்ளிப் பெற்றோர் சங்கத்திலும் சொல்லி, மாவட்ட ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போக அனுமதி கேட்கச் சொல்லுங்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்க்கிற பிள்ளை, அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.